பதிவிறங்க மறுத்த பாட்டு

ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

சில ஆண்டுகளுக்கு முன்னர், டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில், கிரின்ஸ்டெட் என்னும் சிறு நகரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் நிகழ்ந்தது இது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி பாதி உருகிச் சேறாகிக் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர் நான் கணினியைத் திறந்து அமர்ந்திருந்தேன். எதிரே இருந்து என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் கணினி படித்தவன் அல்லன். தொழிற்சாலையொன்றில் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அதன் பின்னரே நகர நூலகத்தில் டேனிஷ் புத்தகங்களை இரவல் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணையப்பக்கம் அமைக்கக் கற்றேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் அகதிகளாக இந்நாட்டுக்கு வந்த காலத்தில், ஊருக்குக் கடிதம் எழுதுவதை விடக் குரலை ஒலிநாடாவில் பதிந்து அனுப்புவதையே பலர் விரும்பினர். ஊரிலிருந்தும் அவ்வாறே வரும். அந்த நாடாக்கள் வீடுகளின் நிலவறைகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. அவற்றைக் கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்றினேன். அந்தந்தக் குடும்பம் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தன் குரல்களை இறக்கி எடுத்துக்கொள்ள ஒரு தளம் அமைப்பதே என் நோக்கம். விபரம் காட்டும் பக்கங்கள் அழகாக முடிந்திருந்தன. ஒலிக்கோப்பை இறக்கித் தரும் பகுதி மட்டும் மீதமிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது இனிமேலும் காத்திருக்க முடியாது என்றாகிவிட்டது. ஓகூஸ் நகர வைத்தியசாலையில் என் நண்பர் ஒருவர் படுத்திருந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த கிறிஸ்தவர். என்னிலும் இளையவர். அகதி முகாமில், முதல் குளிர்காலத்தில், நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். தொண்டையில் வந்த நோய் காரணமாக, மறுநாள் காலை அவரது குரல்வளையை அகற்ற இருந்தார்கள். அவர் தொலைபேசியில் அழைத்தார். அடைத்த குரல்.

“அண்ணை, அந்த முகாம் கசெற் உங்களிட்டத்தானே கிடக்கு? நான் நத்தாருக்குப் பாடினது. நாளைக்கு முன்னம் அதை ஒருக்காக் கேட்க வேணும். குரல் இருக்கிற நேரம் அதோட சேர்ந்து ஒரு வரியெண்டாலும் பாடிப்போட்டுப் போறன்.”

அந்தக் கிறிஸ்துமஸ் நாடா எனக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லோரும் பங்கு போட்டு வாங்கிய பழைய ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிலின் மேல் வைத்து, கம்பளிக் காலுறையோடு நின்று அவர் பாடினார். யாரோ இருமியதும், மற்றவர்கள் “உஷ்” என்றதும் கூட அதில் இருக்கின்றன. பாட்டு முடிந்ததும் என்னுடைய இளவயதுக் குரல் கேட்கும்: “தம்பி, இன்னொருக்காப் பாடு.”

தொலைபேசியில் ஒலிக்கவிடலாமென்றால், அரைகுறையாகக் கேட்க அவருக்கு மனமில்லை. நேரில் கொண்டுசெல்ல வழியில்லை. கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் வாகனம் ஓட்டக் கூடாதென்று வைத்தியர் கூறியிருந்தார். மனைவிக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பிப் பயனில்லை. மின்னஞ்சலில் இணைப்பதற்குக் கோப்பு மிகப் பெரியது. அதே நாடாவில் அறையிலிருந்த மற்றவர்கள் தங்கள் தாய்மாருக்கு அழுதழுது சொன்னவையும் இருந்தன. பாட்டை மட்டும் வெட்டி எடுக்க எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் அழுகையை யாரும் கேட்கக்கூடிய இடத்தில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. எனவே கடவுச்சொல்லைச் சரிபார்த்த பின்னர் கோப்பைக் கையளிக்கும் நிரலை அன்றே எழுதி முடிப்பதென்று அமர்ந்தேன். வழமைபோல் முறையாகத் தொடங்கி, வரி வரியாக எழுதினேன்.

அந்நிரல் செய்ய வேண்டியது இதுதான். கோப்பை அனுப்புவதற்கு முன்னதாக, “இது கோப்பு, வாங்கிச் சேமித்து வை, திரையில் விரித்துக் காட்டாதே” என்று அது எதிரிலுள்ள கணினிக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வெற்றுப் பெட்டியில், உள்ளே என்ன என்று கூறும் சிட்டையை ஒட்டிய பின்னரே அதை ஓடும் பட்டியில் விட்டுப் பொருளை நிரப்புவோம். சிட்டை இல்லாத பெட்டியை அடுத்த பகுதியார் பிரித்துக் கொட்டிவிடுவார்கள். அதே முறைதான் இங்கும் என்று விளங்கிக்கொண்டு, அறிவிப்பைச் சரியாகவே எழுதியிருந்தேன்.

நண்பர் தம் மடிக்கணினியில் இணைப்பை அழுத்தினார். கோப்பு இறங்கவில்லை. திரை முழுவதும் கேள்விக்குறிகளும், கட்டங்களும், எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்களும் கொட்டின.

“அண்ணை, நீங்கள் அனுப்பினது என்ர பாட்டோ, பேயோட்டுற மந்திரமோ?”

சிரிக்க முயன்றார், இருமல் வந்துவிட்டது. என் கணினியிலும் அழுத்திப் பார்த்தேன், அதே கிறுக்கல். கோப்பின் வகையை மாற்றினேன். பெயரை மாற்றினேன். அறிவிப்பு வரிகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

“மறுகாவும் அதே கிறுக்கல்தான் அண்ணை. விடுங்கோ. களைச்சுப் போவீங்கள்.”

விடுங்கோ என்று அவர் சொன்ன விதம் என்னை வருத்தியது. அந்தக் குரலில் அவர் என்னிடம் இனிக் கேட்கப்போவது அதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும். பலகணிக்கு வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, உந்தக் குப்பைக்குள்ள பிள்ளையார் சுழி எப்பிடி வந்தது?”

“எங்கையப்பா?”

“மேல பாருங்கோ. முதல் எழுத்து. எனக்கு விளங்கிற எழுத்து அது ஒண்டுதான்.”

பார்த்தேன். கிறுக்கல்களின் தலைமாட்டில், தெளிவாக, ஒரு ‘உ’ நின்றது.

ஐயா, சிறுவயது முதல் பிள்ளையார் சுழி இடாமல் நான் எதையும் எழுதியதில்லை. இணையப்பக்கங்களையும் அப்படியே தொடங்கினேன். அவற்றின் உச்சியில் ‘உ’ அழகாகத் தெரிந்தது. வந்து பார்த்தவர்களும் பாராட்டினார்கள். இந்த நிரலின் முதல் வரியிலும் கை பழகியபடி அதை இட்டிருந்தது. நிரல் தொடங்கும் குறிக்கு முன்னால் எது இருந்தாலும், தளத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினி அதை உடனே வெளியே அனுப்பிவிடும். ஓர் எழுத்து வெளியேறிவிட்டால் அதன் பின்னர் அறிவிப்புச் செல்லாது. பெட்டி சிட்டையில்லாமலே பட்டியில் போய்விட்டது.

பிழை விளங்கிய பின்னரும் என் விரல் அழிக்கும் விசையில் தயங்கி நின்றது. நாளைக்கு அங்கே கத்தி வைக்கப் போகிறார்கள். இன்றைக்கா நான் இதை அழிப்பது என்று மனம் கேட்டது. மனைவிக்கு அது தெரிந்துவிட்டது.

“அழிக்க வேண்டாம். வாசல்லை நிண்டு மறிக்கிறார், அவ்வளவுதானே? உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போய் இருத்துங்கோ.”

நிரலுக்குள்ளே, எழுதியவன் தனக்கு மட்டும் எழுதிக்கொள்ளும் குறிப்புக்கு இடமுண்டு. அது எவருடைய திரையிலும் தோன்றாது. சுழியைத் தொடக்கக் குறிக்குள் அவ்விடத்துக்கு நகர்த்தினேன். மீண்டும் அழுத்தும்படி நண்பரிடம் கூறினேன்.

அவர் விசையை அழுத்தும் ஒலி கேட்டது. பின்னர், “இறங்குது அண்ணை” என்றார். நடந்ததைச் சொன்னேன்.

“அட கர்த்தரே! யேசு பிறந்த பாட்டை உங்கட பிள்ளையார் மறிச்சுப் போட்டாரே!”

“மறிக்கேல்லைத் தம்பி. முதல்ல தான் கேட்க வேணுமெண்டு வந்து நிண்டிருக்கிறார்.”

தொலைபேசியை அவர் கட்டிலில் வைத்தார் போலும். பழைய நாடாவின் இரைச்சல், இருமல், “உஷ்”, பின்னர் அந்த இளங்குரல். இரண்டாம் அடியில் இன்னொரு குரலும் சேர்ந்தது. உடைந்த, காற்று மிகுந்த, ஆனால் சுருதி விலகாத குரல். என் மனைவி வெங்காயக் கையோடு கண்ணைத் துடைத்தார். பாட்டு முடிந்ததும் நாடாவில் நான் சொன்னேன்: “தம்பி, இன்னொருக்காப் பாடு.” அவர் மறுபடியும் பாடினார். தாதி வந்து ஏதோ கேட்டதும், டேனிஷ் மொழியில் அவர், இது நான்தான், இது நான்தான் என்று சொன்னதும் கேட்டன.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. குரல் போயிற்று, அவர் இருக்கிறார். கோடையில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டு, உதடுகளை மட்டும் அசைப்பார். என் பழைய குரல் “இன்னொருக்காப் பாடு” என்று கேட்கும் இடம் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விரலால் மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோவார்.

இன்றும் நான் எழுதும் ஒவ்வொரு நிரலிலும் சுழி உள்ளே இருக்கிறது, எவருக்கும் தெரியாமல். முன்னால் நின்று தெரிவதை விட, வழிவிட்டு உள்ளே இருப்பதும் ஒரு வணக்கமே என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னர்தான் நான் உணர்ந்தேன்.

நான் எழுதிய இந்தப் பதிவைத் தயவுசெய்து உங்கள் காப்பகத்தில் அழியாமல் வைத்திருங்கள்.