வுப்பேயின் வேனுக்கு ரூல்ஃபீன் இருந்த காவல்

மாடுகளை விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டகையில், குளிர்காலத்தில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, படுக்கையும் அடுப்பும் கொண்ட முப்பத்தெட்டு கேம்பர் வேன்களை நிறுத்திக்கொள்ள இடம் தருகிறார் ரூல்ஃபீன். என் வண்டியும் அங்கேதான் நிற்கிறது. அந்த அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. வலது முழங்கால் மடங்காது. ஆனாலும் ஒவ்வொரு வண்டியின் அடியிலும் மல்லாந்து படுத்து, டார்ச்சும் பென்சிலுமாக நகர்ந்து போவார். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலியும் நுழையும் என்பது அவர் கணக்கு. குழாய் போகும் சந்துகளில் கம்பி நாரைத் திணிப்பார். கேஸ் வெளியேறும் துளைகளை மட்டும் அடைக்காமல் கம்பி வலை கட்டுவார். விஷம் வைக்க விடமாட்டார். செத்த எலியைத் தின்றால் உத்திரத்தில் குடியிருக்கும் கூகையும் போய்விடும்.

வண்டிக்குள் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது என்பதில் கறார். ஒரு பை ஓட்ஸுக்காக ஒரு வாத்தியாரையே திருப்பி அனுப்பியவர்.

இரண்டு வருடத்துக்கு முன், ஓய்வுபெற்ற தபால்காரர் வுப்பே தன் வேனைக் கொண்டுவந்தார். அவர் மனைவி ஆல்ட்டீன் அந்த ஆகஸ்டில்தான் இறந்திருந்தார்.

“உள்ளே இருக்கறதையெல்லாம் எடுத்தாச்சா, அண்ணே?”

“எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன். பிஸ்கட் டப்பா, பாதி பின்னின ஸ்வெட்டர், எல்லாம் அவ வெச்சபடியே இருக்கு. முடியாதுன்னா சொல்லும்மா, கிளம்பறேன்.”

ரூல்ஃபீன் கையைத் துடைத்துக்கொண்டார். “பூட்டி, சாவியை நீங்களே வெச்சுக்கங்க. உள்ளே எதுவும் போகாம நான் பாத்துக்கறேன்.”

“அவ்ளோ சுலபமா?”

“சுலபமா இல்லையான்னு என் முழங்காலைக் கேளுங்க.”

அந்த ஒரு வண்டியின் ஓட்டைகளை அடைக்கவே இரண்டு நாள் பிடித்தது. பிறகு தினமும் காலையில் சக்கரங்களைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் தூவினார். ஜனவரியில், கடுங்குளிரில், தூளில் குட்டிக் குட்டிக் காலடிகள். பின்சக்கரம் வரை போயிருந்தன; திரும்பவில்லை. அப்போது நானும் அங்கிருந்தேன். உறைந்த தரையில் ஒரு மணி நேரம் படுத்துத் தேடினார். குழாயைச் சுற்றி, குளிரில் வெடித்த ரப்பர் வளையம் ஒன்று அகப்பட்டது. அதை அடைத்துவிட்டு எழுந்தவர் முகம் வாடியிருந்தது.

“அடைச்சாச்சே, அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்றேன்.

“உள்ளே போயிருந்தா? அது அவரோட பொருள்டா” என்று போனை எடுத்தார். “அண்ணே, தப்பு என்மேல. ஒரு ஓட்டையைக் கோட்டை விட்டுட்டேன். வந்து பாருங்க.”

வுப்பே வந்து தனியாக உள்ளே போனார். ரூல்ஃபீன் படிக்கு வெளியிலேயே நின்றார். பிறகு கதவு திறந்தது.

“உள்ளே வா, தங்கச்சி. நீயே பாரு.”

ரூல்ஃபீன் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினார். ஒரு புழுக்கைகூட இல்லை. ஸ்வெட்டரின் ஒற்றைக் கை, ஊசியோடு இருக்கையில் கிடந்தது. எலி உள்ளே ஏறாமல் வண்டியின் அடிப்பாகத்தோடு நின்றுவிட்டிருந்தது.

வுப்பே பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்தார். “இதை உன் அடுப்படிக்குக் கொண்டுபோகலாமா?”

“கட்டாயமில்லை அண்ணே. அது உள்ளேயே இருந்தாலும் நான் காவல் இருப்பேன்.”

“தெரியும். அதான் எடுக்கறேன்.”

காபியோடு மூவரும் அந்த பிஸ்கட்டுகளைத் தின்றோம். நமத்துப் போயிருந்தன. ரூல்ஃபீன் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.