பியூர் காட்டன் கவுன்

அந்த வக்கீல் மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. வயது ஆக ஆகத் தணிந்துவிடும் என்றார்கள். வயதுதான் ஆகியிருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் பேராசிரியையாக இருந்தேன். சந்தைப்படுத்தல் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்பும் என் ஆராய்ச்சி. ஊரே பனியன் தைக்கும்போது வேறு எதை ஆராய்வது? துணியில் தைத்திருக்கும் லேபிளைப் பிடித்துக்கொண்டேன். வெளிநாட்டுக்குப் போகும் உருப்படியில் பருத்தி இவ்வளவு, பாலியஸ்டர் இவ்வளவு என்று ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். மிஞ்சிய அதே துணியை உள்ளூர்க் கடைக்குத் தைத்து அனுப்பும்போது, சில கம்பெனிகளில் 'பியூர் காட்டன்' என்று லேபிள் ஏறிவிடும். வெள்ளைக்காரன் உடம்புக்கு உண்மை வேண்டும், நம் உடம்புக்கு இது போதும். கேட்டால், "அது லோக்கல் மார்க்கெட்டுங்க மேடம்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லேபிளின் லட்சணம் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக உருண்டால் பாலியஸ்டர். கல்யாணச் சீரில் வந்த துணியைக்கூட விடமாட்டார்கள். இதைக் கட்டுரையில் எழுதினேன். லேபிள் பொய் சொல்வதால்தான் ஜனங்கள் தீப்பெட்டியைத் தேடுகிறார்கள், லேபிளை நம்பும்படி செய்வது சட்டத்தின் வேலை என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் லைன் வீட்டில் குன்னத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். பனியன் கம்பெனியில் டெய்லர். ஒரு தீபாவளிக்குத் தன் மகளுக்குக் கவுன் எடுத்தாள். பியூர் காட்டன் என்று லேபிள் சொன்னது. கம்பி மத்தாப்பின் பொறி பட்டதும் கவுன் உருகிக் குழந்தையின் தொடையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்த டாக்டர், "இது காட்டனே இல்லம்மா" என்றாராம். குழந்தை பிழைத்தது. ஆனால் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "காட்டன் துணி இப்படி ஒட்டுமாங்க? இவ பராக்குப் பாத்துட்டு நின்னிருப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னால் யாரும் நம்பவில்லை. புருஷனும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னிடம் வந்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க மேடம். லேபிள் பொய்யின்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாப் போதும். ஊட்டுல தல நிமுர முடியலைங்க."

நுகர்வோர் மன்றத்தில் அவளுக்காகப் புகாரை நானே எழுதிக் கொடுத்தேன். லேபிளோடு மிஞ்சியிருந்த துணித் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெரும்பகுதி பாலியஸ்டர் என்று முடிவு வந்தது. இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

கவுனைத் தைத்த கம்பெனியின் வக்கீல் எழுந்தார். கையில் என் கட்டுரை! "இவ்வூர் மக்கள் லேபிளை நம்புவதில்லை. நூலை எரித்துப் பார்த்தே துணியை அறிகின்றனர்" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். "அடுத்த வரியையும் படிங்க!" என்று நான் கத்தினேன். என்னை உட்காரச் சொன்னார்கள்.

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க டெய்லருங்க. இதே மாதிரி லேபிளத் தெனமும் தைக்கறவங்க. துணி எடுக்கறப்ப நூல எரிச்சுப் பாத்தீங்களா, இல்லீங்களா?" குரலில் அத்தனை மரியாதை. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கடையில பாக்கலைங்க" என்றாள்.

அவர் புன்னகைத்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஊட்டுல பாத்தனுங்க. தீவாளியன்னைக்கு. என்ற புள்ள தொடையில வெச்சு."

அதன் பிறகாவது அவருக்கு நாக்கு எழாது என்று நினைத்தேன். "வேற கேள்வி இல்லீங்க" என்று உட்கார்ந்து, என் கட்டுரையை மடித்துக் கட்டுக்குள் செருகிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. லேபிள் பொய் என்று எழுதியிருந்தார்கள். அது பொய் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே அவள் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். புகார் தள்ளுபடி. அதற்கு ஆதாரமாக என் கட்டுரையைத்தான் எடுத்துக்காட்டியிருந்தார்கள்.

அவள் கேட்டபடி எழுத்தில் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்ப, தெரிஞ்சேதான் புள்ளைக்குப் போட்டுட்டயா?"