அண்ணன் பக்கத்து ஓடு

காலையில் வரவேண்டிய போன் அன்றைக்கு மத்தியானம் வந்தது. கலியபெருமாள் என்று பெயர் தெரிந்ததும் எடுத்து, "என்னய்யா, துரைக்கு இப்பதான் விடிஞ்சுதா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல், "நான் அவன் அண்ணன் பேசறேங்க. ராமலிங்கம், பெரம்பலூர்லேருந்து வந்திருக்கேன். தம்பி தவறிட்டான். இந்தப் போன்ல உங்க நம்பர்தான் மொதல்ல இருக்கு, அதான் உங்களுக்குச் சொல்றேன்" என்றது. பால் கொண்டுபோன எதிர்வீட்டு அஞ்சலை கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே போயிருக்கிறார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. அண்ணன் வந்துவிட்டாரா என்ற ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

நம் அரியலூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குக் கலியபெருமாள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேக்கிங் பிரிவிலிருந்து இமைமயிர் வரை வெள்ளையாக கேன்டீனுக்குள் நுழைவார். "சாமி திருநீறு பூசிக்கிட்டு வந்துட்டாரு, எழுந்து நில்லுங்கப்பா" என்று நாம் கிண்டல் செய்வோம். அவரும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவார். ஓய்வு பெற்ற கையோடு அவர் மனைவி இறந்துபோனார். மகள் திருப்பூரில். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மனுஷன் தா.பழூர்ப் பக்கம், வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். "ஆளு வெக்கப் போறதில்ல சார். நானே சரி பண்ணிக்கறேன். வேற என்ன வேல இருக்கு எனக்கு?" என்றார்.

முதல் தடவை போனபோது வீட்டைப் பார்க்கவே முடியவில்லை. கொல்லை முழுக்க சீமைக்கருவேல முள் கூரை உயரத்துக்கு நின்றது. ஆள் உள்ளே எங்கேயோ வெட்டிக்கொண்டிருந்தார், சத்தம் மட்டும் வந்தது. முழங்கை வரை கீறலோடு வெளியே வந்து, "வாங்க சார், அரண்மனைக்கு வாங்க" என்றார். பிறகு போகும்போதெல்லாம் கொல்லை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வந்தது. கிணற்றைத் தூர்வாரினார். வாழை வைத்தார், எலுமிச்சை வைத்தார், வேலியோரம் கனகாம்பரம் போட்டார். இரண்டிரண்டாக வைக்கிறாரே என்று பார்த்தால், கொல்லையும் கிணறும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாம். "அவுரு கண்ணுக்கு நேரா ஒண்ணு, என் கண்ணுக்கு நேரா ஒண்ணு. தண்ணி ஒரே தண்ணிதானே சார்" என்றார். அண்ணனோ அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்தே பல காலம் ஆகியிருந்தது.

வீட்டு விஷயம் அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. கூடத்தையும் முற்றத்தையும் நடுவில் பிளந்துகொண்டு ஒரு சுவர் போகும். வடபாதி இவருடையது, தென்பாதி அண்ணனுடையது, அதற்கு எப்போதும் பூட்டு. பாகம் பிரிந்த காலத்தில் அண்ணன், "கொஞ்சம் வேல இருக்கு, சிமெண்டு மூட்டை எடுத்துக் குடுடா" என்று கேட்டிருக்கிறார். இவரும் ஆலையில் சொல்லி எடுத்துக்கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு நடுவே சுவர் நிற்கிறது! இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி அன்றோடு பேச்சு நின்றுபோனது. இதைச் சொல்லிவிட்டு அந்தச் சுவரை உள்ளங்கையால் தட்டினார். "நான் எடுத்துக் குடுத்த சரக்கு சார். இதை இடிக்க எவனாலும் ஆவாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுத்தக்காரன்யா நீ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அடுத்து அவர் செய்த காரியத்தைச் சிமெண்டு ஆலைக்காரன் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். மண்சாந்து வைத்துக் கட்டிய அந்தக் காலத்துச் சுவருக்கு, உள்ளும் புறமும் கெட்டியாக சிமெண்டுப் பூச்சு போட்டார். கரணை பிடித்துத் தானே பூசினார். நாம் நாலைந்து பேர் போய்ப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆளாளுக்குத் தட்டிப்பார்த்து, "கல்லு மாதிரி நிக்குதய்யா!" என்று பாராட்டிவிட்டு, அவர் வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மண்சுவருக்குச் சுண்ணாம்புதான் ஏற்றது என்ற வார்த்தை நம் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஐப்பசி மழையில் பின்சுவர் ஈரம் வாங்கி உப்பியது. ஒருநாள் காலையில் போன் செய்து, "சார், சுவரு சட்டையைக் கழட்டிப் போட்டுடுச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். பூச்சு பாளம்பாளமாகத் தரையில் கிடந்தது. ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவைத்தால் வேறென்ன ஆகும்? மிச்சத்தையும் உட்கார்ந்து சுரண்டினார். அப்போதுதான் ஈரம் வரும் இடம் தெரிந்தது. பின்சுவர் இரண்டு பாதிக்கும் ஒரே சுவர். அண்ணன் பக்கத்துக் கூரையில் ஓடு நொறுங்கி, அங்கே இறங்கும் தண்ணீர் சுவரோடு ஊறி இந்தப் பக்கம் வருகிறது.

இனி அண்ணன் சம்மதிக்காமல் இந்த வீடு நிற்காது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போன் போட்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு, "அண்ணே, ஒம் பக்கம் ஒழுவுது" என்பதுதான். "எம் பங்கு இடிஞ்சா இடிஞ்சுட்டுப் போவுது. நீ கை வெக்காத" என்று எனக்கே கேட்கும்படி பதில் வந்தது. போன் நின்றுவிட்டது. இவர் உள்ளே போய் எனக்கு டீ போட்டு எடுத்துவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நானும் கேட்காமல் குடித்தேன்.

அடுத்த முறை நான் போனபோது ஆள் கூரைமேல் இருந்தார். தன் பக்கம் ஏணி வைத்து ஏறி, முகட்டைத் தாண்டி, அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்தார். நொறுங்கிய ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு செருகிக்கொண்டிருந்தார். ஓடு எங்கிருந்து வந்தது என்று திரும்பினால், இவருடைய மாட்டுக்கொட்டகை மொட்டையாக நிற்கிறது. எனக்கு வந்த கோபத்தில் தெருவே பார்க்கும்படி கத்தினேன். "ஏய்யா, இந்த வயசுல வுழுந்து தொலைச்சா தூக்கிட்டுப்போக யாரு இருக்கா ஒனக்கு? அந்த மனுசன்தான் கை வெக்காதன்னு சொல்லிட்டாருல்ல?"

"திருப்பிக் கேட்டா திருப்பி வேணாம்பாரு சார். அதான் கேக்கல."

"சாவியாவது வாங்கி உள்ள போய்ப் பாருய்யா."

"அவுரு வூட்டுக்குள்ள அவுரு கூப்புடாம எப்புடிப் போறது?" என்றார், கூரைமேல் உட்கார்ந்துகொண்டு! ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

அந்தத் தை மாதம் வீட்டு முகப்பு முழுவதும் சுண்ணாம்பு அடித்தார், அண்ணன் பாதியையும் சேர்த்து. இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டார். பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வரும்படி அஞ்சலையை விட்டுச் சொல்லியனுப்பினார். பொங்கலன்று சாயங்காலம் நான் போனபோது, பெரிய பானை நிறையப் பொங்கலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அவராகவே, "பஸ்ஸுல கூட்டமா இருந்திருக்கும் சார்" என்றார். என் வீட்டிலும் நான் ஒருவன்தான். இரண்டு கிழவர்களும் அந்தப் பொங்கலை எவ்வளவுதான் சாப்பிடுவது? மிச்சத்தை அஞ்சலை வீட்டு மாட்டுக்கு வைத்தார்.

அந்த அண்ணன்தான் எனக்குச் சாவுச் செய்தி சொன்னவர். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருந்தது. திருப்பூரிலிருந்து மகள் வந்துசேர நேரமாகும். பெட்டியை வடபாதிக் கூடத்தில் வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. எல்லோரும் யோசித்துக்கொண்டு நிற்கையில் ராமலிங்கம் தன் மடியிலிருந்து சாவியை எடுத்தார். "எம் பக்கம் கொண்டாந்து வைங்க" என்றார். கலியபெருமாளை அந்தக் கூடத்துக்கு அண்ணன் கூப்பிட்டது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ராமலிங்கம் பதறி எழுந்து, பெட்டியை நகர்த்தச் சொன்னார். "இந்த இடம் ஊத்துமய்யா, நகத்துங்க!" யாரும் நகரவில்லை. அவர் கையை நீட்டிப் பார்த்தார். தரையெல்லாம் தூசி கிடந்தது, ஈரம் இல்லை. அண்ணாந்து கூரையையே பார்த்தார்.

"ஓடு யாரு மாத்துனது?"

"வேற யாரு? ஒங்க தம்பிதான்" என்றாள் அஞ்சலை. "ஒங்கக்கிட்ட சொன்னா கோச்சுக்குவீங்கன்னு எங்க வாயயெல்லாம் கட்டிப் போட்டுட்டாரு."

ராமலிங்கம் பெட்டிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. மகள் வந்து விழுந்து அழுதபோதுதான் அவருக்கும் அழுகை வந்தது.

கருமாதியன்று பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ கேட்க வந்தவர் துண்டை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். கடைசியில், "தினமும் காலையில ஒங்கக்கிட்ட பேசுவானாமே சார். என்னைய ஏசுவானா?" என்றார்.

நான் நிஜமாகவே நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ காலைகள் பேசியிருக்கிறோம். சுவரைப் பற்றி, வாழையில் விழுந்த பூச்சியைப் பற்றி, போன மனைவியைப் பற்றி. "ஏசினதில்லீங்க" என்றேன். "ஓடு மாத்தற வரைக்கும், மழை பேஞ்சா மட்டும் ஒண்ணு சொல்லுவாரு. அண்ணன் வூடு நனையுது சார்னு சொல்லுவாரு."

நனைந்து நனைந்து பூச்சு உதிர்ந்தது அவருடைய சுவர். ஆனால் "என் சுவரு நனையுது" என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. ராமலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கலியபெருமாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பேச்சுதான். நேற்று அரியலூரில் நல்ல மழை. அங்கே பெய்ததா என்று கேட்க எனக்கு ஆளில்லை.