சொல்லாமல் எழுந்து போன பெரியப்பா

சங்கரன்கோவிலில் அந்த வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "சாகக் கிடக்கவங்க வீடு" என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள்; சுருக்கமாக "சாவு வீடு" என்பவர்களும் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் என் அக்காவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, வயிற்றில் புற்று. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அக்காவிடம் மட்டும், "அங்க வலிக்கு நல்ல மருந்து குடுக்காங்களாம்" என்று சொல்லிக் கூட்டி வந்தோம்.

மிஷனைச் சேர்ந்த பழைய ஓட்டு வீடு. நான்கு நோயாளிகளுக்கு நான்கு அறைகள். ஒவ்வொரு அறையிலும் நோயாளிக்கு ஒரு கட்டில், கூட இருப்பவருக்கு ஒரு கட்டில். பின்பக்கத்துப் பொது அடுக்களையில் ஆளுக்கொரு மண்ணெண்ணெய் அடுப்பு. பக்கத்து அறையில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த கடையநல்லூர்ப் பெண் ஒரு கஞ்சி காய்ச்சுவாள். நான் விழுந்து விழுந்து சமைத்ததை ஒதுக்கிவிட்டு, அக்கா அந்தக் கஞ்சியை மட்டும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கிக் குடிப்பாள். எனக்கு ரோஷமாக வரும். ஆனாலும் தினமும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

வீட்டை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே நேரம் காலம் கிடையாது, எப்போதும் வரலாம். ஆனால் யாரும் நின்றுகொண்டு பேசக் கூடாது. கட்டிலைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்பதை சிஸ்டர் பார்த்துவிட்டால் போதும், ஸ்டூலைக் கொண்டுவந்து முழங்காலில் இடித்து உட்கார வைத்துவிடுவார்.

எனக்கோ வருகிறவர்களையே பிடிக்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்த கையோடு, இதே நோயில் போய்ச் சேர்ந்த யாரோ ஒருவரின் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். நான் கதவோரம் நின்று கண்ணைக் காட்டுவேன். ஏனென்றால் அக்காவுக்கு விஷயம் தெரியக் கூடாது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த அவள் மகளுக்கும் தெரியக் கூடாது. அத்தான் வேதப்புத்தகத்தின் மேல் கைவைக்கச் சொல்லாத குறைதான். அப்படி எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

அக்காவும் அதற்கேற்றபடியே பேசினாள். "பரீட்சை நேரத்துல பிள்ளையைப் போட்டுக் குழப்பாதீங்க. எழுதி முடிச்சிட்டு வந்து ரெண்டு மாசம் எங்கூடயே இருக்கட்டும்" என்பாள். நான் தலையாட்டுவேன். பரீட்சை முடிய மூன்று வாரம் இருந்தது. அவ்வளவு நாள் தாங்காது, பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று சிஸ்டர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். சனிக்கிழமை வந்த அத்தானிடம் சொன்னேன். "ஒரு வருஷப் படிப்பு வீணாப் போயிரும்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. எல்லோரிடமும் எரிந்து விழுகிற எனக்கு, பேச வேண்டிய இடத்தில் வாய் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் குருவிகுளத்திலிருந்து எங்கள் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், வெள்ளைச் சோள விவசாயி. வாசலிலேயே தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அரைமணி நேரம் அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அக்கா கதவையே பார்த்தாள்.

"என்னட்டி, பெரியப்பா சொல்லாமப் போறாவ?"

சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். துட்டி வீட்டில்தான் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். பேசாமல் எழுந்து போய்விடுவோம். மற்ற நாளில் பெரியப்பா தெருமுனை வரை திரும்பித் திரும்பி 'வாரேன் தாயி' சொல்கிற மனுஷன்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கேட் வரைக்கும் ஓடிப்போய் மறித்தேன். "என்ன பெரியப்பா, இதென்ன துட்டி வீடா? உயிரோட இருக்கவளைப் பாத்துட்டு இப்படியா போவீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மக்கா! பஸ்ஸை விட்டு இறங்கினதுல இருந்து எல்லாரும் சாவு வீடு, சாவு வீடுன்னுதான் வழி சொன்னாவ. அந்த நெனப்புலயே இருந்துட்டேன். வேணும்னு செய்யல மக்கா."

திரும்பி உள்ளே வந்தார். "வாரேன் தாயி. அடுத்த வாரமும் வாரேன், என்ன?" என்றார். அக்கா சிரித்தாள். "சரி பெரியப்பா. பாத்துப் போங்க" என்றாள்.

அவர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் அடுக்களைக்குப் புறப்பட்டேன்.

"பிள்ளைக்குப் பரீட்சை எப்பம் முடியுது?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"அதுவரைக்கும் நான் இருப்பனா?"

இருப்பாய் என்று சொல்வதற்கு எத்தனை நாள் பழகியிருந்தேன்! அன்றைக்கு முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அக்கா அழவில்லை. "நாளைக்கே போய்க் கூட்டிட்டு வா. பரீட்சையைப் பெறகு எழுதிக்கிடலாம்" என்றாள். "அத்தான்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ பயப்படாத" என்றும் சொன்னாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் மகளைக் கூட்டி வந்தேன். வழியில் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். சிஸ்டர் இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். நான் வராந்தாவில் பாய் விரித்துக்கொண்டேன். தாயும் மகளும் ஒன்பது நாள் பேசித் தீர்த்தார்கள். பாவாடைத் துணி, ஹாஸ்டல் சாம்பார், அத்தானின் குறட்டை, அவள் கட்டிக்கப்போகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று என்னென்னவோ. சிரிப்புச் சத்தம் வெளியே வரைக்கும் கேட்கும். சிஸ்டர் முதல் தடவை சொன்னபோதே நான் கூப்பிட்டிருந்தால் இன்னும் சில நாள் முன்னாலேயே இந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கலாம் என்று நெஞ்சு அறுத்துக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் காலையில், மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், அந்த வீட்டிலிருந்த சாமான்களை எடுத்து வர நானும் அக்கா மகளும் போனோம். நான் டிரங்குப் பெட்டியில் பாத்திரங்களை அடுக்கினேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, உங்களுக்கெல்லாம் எப்பம் தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தியே."

மடித்த போர்வையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். "கிறிஸ்துமஸ் லீவுல நான் ரெண்டு நாளுதான் வீட்டுல இருந்தேன். படிக்கணும்னு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனே சித்தி."

அத்தான்தான் சொல்லக் கூடாதென்றார் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த டிசம்பரில் சோறு கட்டிக் கொடுத்து, பஸ்ஸில் இடம் பிடித்து, "நல்லாப் படி" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தவள் நான்தான்.