எட்டாயிரம் கட்டு

இரண்டு பேர் தனித்தனி ஊரில் இருந்துகொண்டு "நீ வா" என்று ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டே இருந்தால், அவர்களில் வராமல் இருப்பவர் யார்? அப்துல் சுக்கூரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

திண்டுக்கல் பேகம்பூரில், சேக் பரீதின் தோல் பதனிடும் ஷாப்பில் அவர் ரகம் பிரிப்பவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகிக் காய்ந்து வந்த ஆட்டுத்தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பார். உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார். முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று தனித்தனியாகப் போடுவார். பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். அவரைவிட வேகமாகப் பிரிப்பவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் அவர் பிரித்த ரகத்தை மதராஸ் வியாபாரிகள் யாரும் மாற்றிப் போட்டதில்லை.

1951இல் காயல்பட்டினத்து நஜ்முன்னிசாவை மணந்தார். அந்த ஊரில் பெண் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போவதில்லை. தாய்வீடே அவள் வீடு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருக்க வேண்டும். தோல் வாங்கத் திண்டுக்கல்லுக்கு வந்துபோன பெண்ணின் தகப்பனார் இதை முதலிலேயே சொல்லிவிட்டார். சுக்கூரும் தலையாட்டினார். காயலில் தோல் ஷாப்பு இல்லை என்பது அப்போது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆக, வருடத்துக்கு மூன்று பயணம். இரண்டு பெருநாள், நடுவில் ஒரு முறை. மதுரை, திருநெல்வேலி, அங்கிருந்து திருச்செந்தூர் வண்டி. ஒவ்வொரு முறையும் பத்து நாள்.

"என்ன பாய், சம்சாரத்தைப் பாக்கப் போறீகளா, விருந்துக்குப் போறீகளா?" என்பார் பக்கத்து மேசையில் ரகம் பிரிக்கும் கஸ்பார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

"கல்யாணமாகி ஆறு வருசமாச்சு, இன்னும் புது மாப்பிள்ளை! என் வீட்டுல வந்து பாருங்க, அஞ்சு புள்ளைகளுக்கு நடுவுல எனக்கு ஒக்கார எடமில்ல."

சுக்கூர் சிரிப்பார். ஒரு மகள் இருந்தாள். அவள் அவரை 'திண்டுக்கல் வாப்பா' என்று கூப்பிட்டாள், வேறு ஊரில் இன்னொரு வாப்பாவும் இருப்பதுபோல. இதைக் கஸ்பாரிடம் வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

கடிதங்கள் போய்வந்தன. "பேகம்பூரிலேயே காற்றோட்டமான வீடு ஒன்று பார்த்திருக்கிறேன், நீ வா" என்று அவர் எழுதுவார். "இங்கே எல்லாம் இருக்கிறது. நீங்கள் வந்தால் போதும்" என்று அவள் எழுதுவாள். இரண்டிலும் கோபம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இரண்டுக்கும் முடிவும் கிடையாது.

1957இல் ஒரு வழி தெரிந்தது. தூத்துக்குடியில் அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாது. பல மைல் தள்ளி நிற்கும்; தோணிகளில்தான் சரக்கு போகும். கரையோரக் கடலை ஆழப்படுத்திச் சரக்கு ஏற்றும் மேடை கட்டுவது அரசாங்கத்தின் பங்கு, கிடங்கு எழுப்பி வருடா வருடம் இவ்வளவு சரக்கு என்று எழுத்தில் உறுதி தருவது வியாபாரிகளின் பங்கு என்று ஒரு கூட்டுக்குழு அமைந்தது. திண்டுக்கல் தோல்காரர்களையும் கேட்க வந்தார்கள்.

கூட்டத்தில் அதிகாரி, "நீங்க சரக்குக்கு உறுதி குடுங்க, நாங்க ஆழப்படுத்துறோம்" என்றார்.

"நீங்க ஆழப்படுத்துங்க, சரக்கு தானா வரும்" என்றார்கள் வியாபாரிகள்.

பின்வரிசையில் சுக்கூர் பக்கென்று சிரித்துவிட்டார். சேக் பரீது திரும்பி முறைத்தார்.

"என்ன சுக்கூரு சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. எங்க வீட்டுக் கடுதாசி ஞாபகம் வந்துருச்சு."

வெளியே வந்ததும் சேக் பரீது சொன்னார்: "இந்தக் கிடங்கு மட்டும் வந்துச்சுன்னா அங்க நீதாம்ப்பா ரகம் பாக்கணும். சாயங்காலம் பஸ் ஏறுனா செத்த நேரத்துல காயலு. இனிமே கடுதாசிக்கு வேலையில்ல, போ."

உறுதிப் படிவத்தை நிரப்பச் சொல்லி சுக்கூரிடமே கொடுத்தார். 'ஆண்டொன்றுக்கு எத்தனை கட்டு?' என்று அதில் ஓர் இடம். தோல் ஷாப்பில் கட்டு என்றால் ஒரு டஜன் தோல். கயிறு போட்டு ஒரே ஆள் தோளில் தூக்கிப்போவது. அப்படி இருபது சேர்த்து அழுத்திக் கட்டினால்தான் கப்பலுக்குப் போகும் ஒரு பேல். தூத்துக்குடியில் கட்டு என்றால் பஞ்சுக் கட்டு. அழுத்திக் கட்டியது, நாலு பேர் உருட்ட வேண்டும். சுக்கூர் 'எட்டாயிரம்' என்று எழுதினார். சேக் பரீது படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

காயலுக்குப் போகும் வழியில் கோவில்பட்டி நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் பஞ்சுக் கட்டுகளை அவர் பார்த்திருப்பார். தெரிந்தே எழுதினாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏங்குகிற மனம் ஒரு சொல்லின் இரண்டு பொருளில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டது அதற்கே தெரியாமலும் போகலாம்.

ஆறு வருடம் போயிற்று. தூத்துக்குடியில் எத்தனை அடி ஆழமாகியிருக்கிறது என்று, அங்கிருந்து யார் வந்தாலும் கேட்பார். "பாய் கெணறு வெட்டுறாரு" என்று ஷாப்பில் கேலி. காயலுக்கு எழுதும் கடிதத்திலும் அடிக்கணக்கு இடம்பெற்றது. "உங்கள் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன்" என்று நஜ்முன்னிசா பதில் எழுதினாள்.

1963இல் கிடங்கு எழும்பியது. முதல் சரக்கோடு முதலாளியும் சுக்கூரும் கஸ்பாரும் போனார்கள். தோலுக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறு முனையில் சரியாகக் கேட்காது. வருடத்துச் சரக்கு முழுவதும் வந்தாலும் ஒரு மூலைதான் நிறையும்.

"கருப்பட்டிக்காரங்க எங்களுக்குக் குடுங்கன்னு எம்புட்டோ கேட்டாங்க. எட்டாயிரம் கட்டு வருதேன்னு உங்களுக்கு ஒதுக்குனோம்" என்றார் குழுவின் மேலாளர். "மீதி எப்ப வரும்?"

சேக் பரீது விழித்தார். சுக்கூர்தான் பேசினார். "ஐயா, நான் எழுதுனது எங்க ஊருக் கட்டு. உங்க கணக்குல நானூறு பேலுதான் வரும்."

மேலாளர் ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். ஒரு கெடுதலும் நடக்கவில்லை. மூலையைத் தோலுக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கருப்பட்டிக்கு விட்டார்கள். ரகம் பார்க்கிற வேலையும் சுக்கூருக்கே இருந்தது.

அன்று மாலையே காயலுக்குப் பஸ் ஏறினார். முதல் முறையாக, பெட்டி இல்லாமல். அறையில் அவர் சட்டை மாட்டப் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தாள் நஜ்முன்னிசா.

"இனிமே எத்தனை நாள் இருப்பீங்கன்னு நான் கேக்க வேண்டியதில்ல" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். இனி எண்ண நாளும் இல்லை, எழுதக் கடிதமும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நன்றாகச் சாப்பிட்டார். மகளோடு கடற்கரைக்குப் போய்வந்தார்.

திங்கட்கிழமை திண்டுக்கல் ஷாப்பில் முதலாளிமுன் போய் நின்றார். "தூத்துக்குடிக்குக் கஸ்பாரை அனுப்புங்க மொதலாளி."

"ஏம்ப்பா, பன்னெண்டு வருசமா இதுக்குத்தானே தவம் கெடந்தே?"

"அய்யய்யோ, எனக்கு மீன் வாடையே ஆகாது பாய்!" என்றார் கஸ்பார்.

"கஸ்பாரை அனுப்புங்க."

சுக்கூர் மேசைக்குப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தோலை விரித்தார். அடுத்த பெருநாளுக்கும் வழக்கம்போலத் திருச்செந்தூர் வண்டி ஏறினார், பத்து நாளுக்கு.