அக்கா நூற்ற பதினோரு இழைகள்

என் தாத்தாவுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். அதாவது, தாத்தாவைப் பெற்றவளுக்கு ஒரு அக்கா. அந்த அக்காவைக் கட்டியவர் இவர். ரத்த வழி இல்லை, கட்டிய வழிதான். இருந்தாலும் எங்கள் வீட்டில் இவரைப் பற்றிப் பேசிய அளவுக்குச் சொந்த ரத்தத்தைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. தாத்தாவின் அம்மா சொன்னதைத் தாத்தா சொல்லி, தாத்தா சொன்னதை என் அம்மா சொல்லி, அப்படி வந்து சேர்ந்தது இது.

அவர் தொழில் இழை மாற்றுவது. மஸ்லின் என்ற மெல்லிய துணி கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதற்கான பருத்தி ஆற்றோரத்து மண்ணில் மட்டும்தான் விளையும். அதே விதையைப் பத்துக் கல் தள்ளிப் போட்டால் பஞ்சு முரடாகிவிடும். நூற்பது பெண்கள், நெய்வது ஆண்கள், வெளுப்பதற்கு ஒரு தெரு, வாங்குவதற்கு ஆற்றங்கரையில் ஒரு கிடங்கு. கிடங்கிலிருந்து படகு, படகிலிருந்து கப்பல். கடலுக்கு அந்தப் பக்கம் யார் உடுத்தினார்கள் என்று நெய்தவர்களுக்குத் தெரியாது.

நெய்து வெளுத்த துணியில் எங்காவது ஓர் இழை தடித்திருந்தாலோ முடிச்சு விழுந்திருந்தாலோ அது இவரிடம் வரும். துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் அந்த ஒற்றை இழையை மட்டும் எடுத்துவிட்டு, அது போன வழியிலேயே வேறோர் இழையை ஊசியால் ஓட்டிவிடுவார். வேலை சுத்தமாக இருந்தால் வேலை நடந்ததே தெரியாது. அதனால் தெருவில் அவருக்குச் 'சும்மா இருக்கிறவர்' என்று பட்டப்பேர். மச்சான் நாலு நாள் குனிந்து உட்கார்ந்து என்னதான் செய்தார் என்று அவரையே கேட்டாலும் காட்டத் தெரியாது என்பாராம் அவருடைய மைத்துனர். மனைவியோடு பிறந்த அந்த மைத்துனர் தறிக்காரர். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம்.

அவர் மனைவி நூற்பவள். மெல்லிய நூலை வெயில் ஏறுவதற்கு முன்னால் நூற்க வேண்டும். காற்று காய்ந்துவிட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஈரமில்லாத மாதங்களில் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலேயே நூல் சுற்றும் கதிரைச் சுழற்றுவாள். இந்த வேலைக்குக் கண் முக்கியம். முப்பது வயதுக்குள் பாதிப் பேருக்குப் பார்வை மங்கிவிடும். கிடங்கில் மெல்லிழை வரிசை, தடியிழை வரிசை என்று நூற்பவர்களுக்கு இரண்டு பட்டியல் உண்டு. மெல்லிழையிலிருந்து ஒருத்தியை இறக்கிவிட்டால் இறக்கினதுதான், மறுபடி ஏற்ற மாட்டார்கள். அவள் முப்பத்தாறு வயதிலும் மெல்லிழையில் இருந்தாள்.

இருபது வருஷம் அவர்கள் வேலை செய்த விதம் இது: அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்பக்கம் நீட்டுவார். அவள் துணியை ஒரு பார்வை பார்த்து, அதற்கு ஏற்ற இழையை அந்தக் கையில் வைப்பாள். எந்தத் துணிக்கு எந்த நூல் என்பதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

மழை மாதத்தில் நாலு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். குழந்தை குட்டி இல்லை. எடுத்துக்கொண்டு போக ஆட்கள் வாசலில் நின்றபோது, வெளுப்புக்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல் துணியை வாங்கிப் போக வந்துவிட்டார். இவர் உள்ளே போய்த் துணியை எடுத்து, மடிப்பு கலையாமல் கையில் கொடுத்து, ஓரத்தில் ஒரு கறை இருக்கிறது, மறுபடி அலசுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பார்த்தவர்கள் மனுஷனா கல்லா என்றார்கள். அவருக்கு அது காதில் விழுந்தது. விழுந்து என்ன?

மெல்லிழை நூற்க அக்கா இடத்துக்குத் தங்கை வந்தாள். அவள்தான் என் தாத்தாவின் அம்மா. தாத்தா அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். தன் அடையாளக் குறியில் அவள் நூற்ற முதல் நூலை அந்தத் தறிக்கார அண்ணன் தறியிலேயே ஏற்றி, நெய்து, வெளுத்து முடித்தார்கள். பதினோரு இழையில் மட்டும் முடிச்சு. பழுது பார்க்க இவரிடம் வந்தது. இவர் உட்கார்ந்தார், இழையை உருவினார், கையைப் பின்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் கை அப்படியே இருந்தது. அப்புறம் எழுந்து போய் மனைவியின் பெட்டியைத் திறந்து, அதில் கிடந்த நூலை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் மிச்சம் இருந்ததே பதினோரு இழைக்குத்தான் சரியாக இருந்தது.

கிடங்கில் தரம் பார்க்கிறவர் ஜன்னல் ஓரமாகக் கறுப்புப் பலகை ஒன்று வைத்திருந்தார். தங்கையை எதிரே நிற்க வைத்துக்கொண்டு, துணியை அதன்மேல் விரித்து விரலால் நகர்த்திக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு இன்னோர் இடத்தில். மொத்தம் பதினோரு இடத்தில் நிறுத்தினார். கிழிசல் இல்லை, முடிச்சு இல்லை. அங்கெல்லாம் கோடு போட்ட மாதிரி பலகையின் கறுப்பு கூடுதலாகத் தெரிந்தது.

"உன் கை சீரா இல்லையேம்மா. தடியிழைக்குப் போயிடு. வயித்துல பிள்ளையோட உனக்கும் அதுதான் சுலபம்."

தன் கையில்தான் கோளாறு என்று அவளே நம்பிவிட்டாள். பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிட்டார் அவர். அப்போதுதான் இவர் பலகைக்குப் பக்கத்தில் வந்தார்.

"அது அவ இழை இல்லைங்க. நான் மாத்தி வச்சது."

"யாரோட இழை?"

"என் பொண்டாட்டியோடது."

தரம் பார்க்கிறவருக்கு அவளைத் தெரியும். இருபது வருஷம் அவள் நூலைப் பார்த்தவர். துணியை மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "நல்ல இழைதான். ஆனா இந்தத் துணிக்கு ரொம்ப மெல்லிசு, ஆகாது. படகு நாளன்னிக்குக் காலைல கிளம்புது. அதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா பார்க்கறேன். இல்லைன்னா தடியிழைப் பட்டியல்தான்."

இழையை எடுக்க இரண்டு வழி உண்டு. கரையிலிருந்து நனைத்து நனைத்து, ஒவ்வொரு நூலுக்கு அடியிலிருந்தும் தளர்த்திக்கொண்டே போனால் இழை முழுசாக வரும். ஒன்றுக்கு அரை நாள் பிடிக்கும். நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் வருவது தூள் தூளாகத்தான் வரும். பதினோரு இழைக்கு இரண்டே பகல்தான் இருந்தது.

"அத்தான், ஒண்ணையாவது முழுசா எடுங்களேன்" என்றாள் தங்கை.

அவர் கத்தரி கேட்டார்.

அந்த ஜன்னல் ஓரத்திலேயே இரண்டு பகலும் உட்கார்ந்தார். இந்தத் தடவை தங்கையின் நூலைத் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணியோடு ஒத்துப் பார்த்துத்தான் ஊசியில் கோத்தார். வெட்டிய இழை வியர்த்த முழங்கையில் ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். இரண்டாம் நாள் வெளிச்சம் போகும்முன் தரம் பார்க்கிறவர் பலகைமேல் துணியை மூன்று தடவை நகர்த்தினார். விரல் எங்கும் நிற்கவில்லை. மெல்லிழை வரிசையில் தங்கையின் அடையாளத்தை எழுதிக்கொண்டார். துணி மூட்டைக்குப் போயிற்று.

பதினேழு வருஷம் அவள் அந்த வரிசையில் இருந்தாள். அந்த நூலில்தான் என் தாத்தா வளர்ந்தார்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஆற்றங்கரை வழியாக நடந்து வந்தார்கள். பாதி தூரத்தில் அவள்தான் கேட்டாளாம்.

"வெட்டினதையெல்லாம் என்ன பண்ணினீங்க, அத்தான்?"

"அங்கேயே கிடக்கு. பெருக்கிடுவாங்க."

"ஒரு துண்டாவது எடுத்து வச்சிருக்கலாமே."

"எதுக்கு?" என்றாராம் அவர்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார் என்று தாத்தாவின் அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நின்று, அவள் முகத்தைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்தாராம். அப்புறம், இருட்டுகிறது, மெதுவாக வா என்று சொல்லி முன்னால் நடந்தார்.