அத்தாயியின் கடல் கற்கள்

கோணூசியின் முனையைக் கல்லின் பொத்தலுக்குள் விட்டு அத்தாயி ஒரு திருகு திருகுகிறாள். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த புழுக்கூடு பொலபொலவென்று உதிர்கிறது. "வா சாமி, வெளிய வா" என்று அதையும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள். லாரித் தார்ப்பாய் தைக்கும் ஊசி அது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் அவளுடைய தையல் கடை. மடியில் தார்ப்பாய் இல்லாத நேரமெல்லாம் கல்தான்.

கல் என்றால் நம் ஊர்க் கருங்கல் அல்ல. தூத்துக்குடிக் கரையில் ஒதுங்கிக் காய்ந்த பவளக்கல். வெளுத்து, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாய் இருக்கும். கணவர் சின்னண்ணன் உப்பு லோடு ஏற்றி வரும் லாரியில் கல்லும் வரும், கேன்களில் கடல்தண்ணீரும் வரும். கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பது அத்தாயியின் ஆசை. கடலை அவள் பார்த்ததே இல்லை. "நானெதுக்குங்க போகோணும்? அதுதான் கேன்ல ஏறி ஊட்டுக்கே வருதே" என்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வாங்கிய முதல் இரண்டு மீன்களும் மூன்றாம் நாளே செத்து மிதந்தன. அன்றைக்கு அவள் கடை திறக்கவில்லை. சங்கு குளிக்கும் ஒருவரிடம் சின்னண்ணன் காரணம் கேட்டு வந்தார். கல்லின் பொந்துகளில் செத்துக் காய்ந்ததெல்லாம் தண்ணீரில் ஊறி அழுகுமாம். அந்த நஞ்சுதான் மீனைக் கொல்லுமாம். "அப்ப நாந்தான் கொன்னு போட்டேன்" என்றாள் அத்தாயி. அன்றே கற்களை அள்ளி வெளியே போட்டாள்.

அதிலிருந்து அவசரம் என்பதே கிடையாது. குத்தி எடுப்பாள், தேங்காய் நாரால் தேய்ப்பாள், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவாள். பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் அலசி, நெடி போகும்வரை வெயிலில் காயவைப்பாள். கடைசியாகக் கடல்தண்ணீர் வாளியில் மூழ்கடித்து மூடி, நாலு நாள் கழித்துத் திறந்து முகர வேண்டும். நாறினால் தண்ணீரை மாற்றி மறுபடியும் நாலு நாள்.

பக்கத்து டீக்கடைக் குழந்தைவேல் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, டீ குடிக்க வாரவங்க மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓடறாங்க. கருவாட்டுக் கடையா வெச்சிருக்கறீங்க?"

அத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. "எம்மூக்கு தார்ப்பாய் மெழுகுல மரத்துப் போச்சுங்கண்ணா. உங்க மூக்குதான் எனக்கு வேணும். கல்லு ஆச்சா, ஆகலியான்னு இனிமே நீங்களே பாத்துச் சொல்லுங்க." சண்டைக்கு வந்தவர் வாளிமேல் குனிந்தார், முகத்தைச் சுளித்தார், அந்த வேலையை ஏற்றுக்கொண்டே திரும்பினார்.

இந்த ஆவணியில் ஒரு மத்தியானம் சின்னண்ணன் பாலிதீன் பையோடு லாரியிலிருந்து குதித்தார். உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப்பட்டை போட்ட மீன் ஒன்று.

"கல்லு இன்னும் ஆகலீங்களே!" என்றாள் அத்தாயி.

"வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணி மாத்திக் கொண்டாந்திருக்கறேன் புள்ளே! ரண்டு கல்லப் போட்டு உட்ரு."

"இதையும் சாகக் குடுக்கமாட்டேனுங்க."

மீனைக் கல்லில்லாத பிளாஸ்டிக் தொட்டியில் விட்டாள். காற்று மோட்டார் ஓடியது. கேன் தண்ணீரை ஊற்றி நாள்தோறும் பாதியை மாற்றினாள். ஒளிய இடமில்லாமல் மீன் மூலையிலேயே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு கேட்காது. ஆனாலும் கல்லைத் தொடவில்லை.

பதினாறாம் நாள் குழந்தைவேல் வாளிக்குள் மூக்கை விட்டார். நிமிர்ந்தார். மறுபடியும் விட்டார். "ஒண்ணுமே நாறலீங்க. வெறும் உப்பு வாசந்தான்!"

அரைமணி நேரத்தில் கற்கள் கண்ணாடித் தொட்டிக்குள் குகையாக அடுக்கப்பட்டன. மீன் இறங்கியது, ஒரு சுற்றுச் சுற்றி, விருட்டென்று பொந்துக்குள் புகுந்துகொண்டது. டீக்கடைக் கூட்டமெல்லாம் எட்டிப் பார்த்தும் வால்கூடத் தெரியவில்லை.

"இதுக்கா இத்தனை பாடு?" என்று சின்னண்ணன் கண்ணாடியைத் தட்ட விரலை ஓங்கினார். அத்தாயி அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்து, தன் மடியில் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டாள்.